திருப்பிப் படித்தவர்

குணாவைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால், மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வருகிற ஆள் என்று சொல்லிவிடலாம். பேங்கில் மறந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் மறந்துவிடுவார். மகள் படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் கட்டாயம் மறந்துவிடுவார். ஆனால் டீக்கடையில் தமிழ்ப் பேப்பரைக் கையில் எடுத்தால் மட்டும் அந்தக் கண்ணாடி எங்கிருந்தோ வந்து மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். அதுவரைக்கும் சட்டைப் பையில்தான் இருந்திருக்கும், பாவம், அது எங்கே போகும்.

விஷயம் வேறொன்றும் இல்லை. குணாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எழுத்துகள் தெரியும். திருமுடிவாக்கத்தில் இரும்பு அலமாரி செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா? நட்டு, போல்ட்டு, வெல்டிங் ராடு எல்லாவற்றின் பெயரும் டப்பாவைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அர்ஜென்ட், ரிஜக்ட், ஓகே என்று யார் எழுதினாலும் புரியும். வரைபடத்தைப் பார்த்தால் எந்தத் துளை எங்கே வரும் என்று சொல்லிவிடுவார். வார்த்தைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஒரு வாக்கியமாக வந்து நின்றால்தான் தகராறு. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவர். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று உங்களுக்கும் எனக்கும் சொல்லத் தெரியும். இரும்புலியூரில் வீட்டுக்கு வீடு பட்டதாரி இருக்கிற தெருவில் இருபது வருஷத்துக்கு மேல் வாடகைக்கு இருந்து பார்த்தால் தெரியும், அது எப்படிப்பட்ட வெட்கம் என்று.

மனைவி பொன்னிக்கு இது தெரியும். அவளுக்கும் இங்கிலீஷ் வராது. ஆனால் அவள் அதை யாரிடமும் மறைத்ததில்லை. "எனுக்குப் படிக்கத் தெரியாதுமா, இன்னா போட்டுக்கீதுன்னு நீயே சொல்லு" என்று பஸ் ஸ்டாண்டில் நடுரோட்டில் நின்று கேட்பாள். குணாவுக்கு அப்போது எங்கேயாவது ஓடி ஒளியலாம் போல இருக்கும்.

மகள் துர்காவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. குணாவின் ஆயுசில் அவர் கட்டிக்காத்த ஒரே கோட்டை அதுதான். அவள் படித்தது இங்கிலீஷ் மீடியம், வேலை பெருங்குடியில் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில். அப்பா என்றால் அவளுக்கு உயிர். "எங்கப்பாவுக்குத் தெரியாத விஷயமே இல்லை" என்று சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அவள் பீற்றிக்கொண்டதை இவர் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார்.

துர்காவிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. கண்ணில் படுகிற எழுத்தை எல்லாம் வாய்விட்டு வாசிப்பாள். கரண்டு பில் வந்தால் மேலிருந்து கீழே வாசிப்பாள். போனில் மெசேஜ் வந்தால் வாசிப்பாள், மாத்திரை அட்டையை வாசிப்பாள், வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் கடை போர்டு ஒன்று விடாமல் வாசிப்பாள், அதுவும் இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. அதனால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "ஏ ரேடியோ, கொஞ்சம் வாயை மூடிகினு வாயேன்" என்று குணாவே எத்தனையோ முறை அதட்டியிருக்கிறார்.

இந்த ரேடியோ மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்திருந்தது. மாடியில் ஒரு டியூஷன் சென்டர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு அதே பெஞ்சில் பெரியவர்கள் உட்கார்ந்து புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். கரும்பலகையில் பாதி அழிந்த கணக்கு இருக்கும். பேச்சு தமிழில்தான், புத்தகம்தான் பெரும்பாலும் இங்கிலீஷ். "நீயும் ஒரு வாட்டி வாயேன்ப்பா" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் இவருக்கு ஸ்டோர்ஸில் ஸ்டாக் எடுக்கிற வேலை வந்துவிடும்.

ஒரு நாள் அவள் கறுப்பாக, தடியாக ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"அப்பா, இந்த வாட்டி நீ தப்பிக்க முடியாது. இது மாங்கா."

அடுப்படியில் இருந்து பொன்னி எட்டிப் பார்த்தாள். "மாங்கா புக்கா? ஊறுகா போடற புக்கா இன்னாடி?"

"ஐயோ அம்மா, ஜப்பான்காரங்க படக்கதை. அதுக்குப் பேரு மாங்கா. இதுல படிக்கறதுக்கு எதுவுமே இல்லப்பா. எல்லாம் படம்தான். முன்னூறு பக்கம் இருக்கு, மொத்தமா மூணு வார்த்தை இருந்தா பெரிசு. எதிர்காலத்துல ஒரு ஊர், மனுசன் உடம்புல பாதி மிஷின். ரொம்ப டார்க்கா இருக்கும். நீ பாரு. பாத்துட்டு வந்து உன் கருத்தைச் சொல்லு, அவ்ளோதான்."

படிக்க எதுவுமே இல்லை! குணா அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இவ்வளவு காலம் கழித்துக் கடவுள் தனக்கென்று ஒரு புத்தகத்தை அச்சடித்து அனுப்பியிருக்கிறார் என்றே நினைத்தார். துர்காவின் சிநேகிதர்கள் நடுவில் போய் உட்காரலாம், வாயைத் திறக்கலாம், மகள் பக்கத்தில் இருந்து பெருமையாகப் பார்ப்பாள். படத்துக்கு இங்கிலீஷ் ஏது, தமிழ் ஏது?

புத்தகம் வட்டத்தை நடத்துகிற பிரேமுடையது, விலை அதிகம். மேலுறை எப்போதோ கிழிந்துபோய், முன்னும் பின்னும் ஒரே கறுப்பு அட்டை. கம்பெனிக்கு எடுத்துப்போய் மத்தியானம் பார்க்கலாம் என்றால் அங்கே கைவைக்கிற இடமெல்லாம் கிரீஸ். அதனால் பேரிங் சுற்றி வருகிற பழுப்புத் தாளைக் கொண்டுவந்து, மகளின் பள்ளிப் புத்தகங்களுக்குப் போட்டதைப் போலவே மூலை மடித்து அட்டை போட்டார். லேபிள் ஒட்டி, 'துர்கா' என்று அழகாக எழுதினார். எந்தப் பக்கத்தில் ஒட்டினார் என்று கேட்கிறீர்களா? உலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் எந்தப் பக்கத்தில் ஒட்டுவாரோ அந்தப் பக்கத்தில்தான்.

அட்டையைத் திறந்ததும் ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் இங்கிலீஷ். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற காப்பிரைட் சமாச்சாரம், அதை எவன் படிக்கிறான். குணா வழக்கம்போல அதைத் தாண்டிப் போனார்.

அடுத்த பக்கத்திலேயே கதை பிடித்துக்கொண்டது. மழை. வானம் தெரியாத அளவுக்குக் கம்பிகள். ஒரு பாலத்தின் மேல் தலை முதல் கால் வரை இரும்பான ஓர் உருவம் நிற்கிறது. எதிரே ஒரு பெண் குடையோடு. அவள் வாயருகே சின்னதாக மூன்று இங்கிலீஷ் வார்த்தைகள். அவை குணாவுக்கே தெரியும்: யார் நீங்கள்? அதன்பிறகு கதையில் எழுத்தே இல்லை. அந்த இரும்பு மனிதன் நடக்கிறான். ஒவ்வோர் இடத்திலும் அவன் உடம்பில் இருந்து ஓர் இரும்பு கழன்று, அங்கே சதை வருகிறது. ஒரு கடையில் கை திரும்பக் கிடைக்கிறது. ஒரு படுக்கையில் கண் திரும்பக் கிடைக்கிறது. அந்தப் பெண் இதற்கிடையில் சின்னவளாகிக்கொண்டே போகிறாள். உடைந்த கண்ணாடி டம்ளர் அடுத்த கட்டத்தில் முழுசாக இருந்தது. எதிர்காலமாயிற்றே, அங்கே எல்லாம் தானே ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது என்று குணா நினைத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் முழு மனிதனான ஓர் அப்பாவும் ஒரு சின்னப் பெண்ணும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து முடிந்த பிறகும் குணா ராடு டப்பா மேல் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. மறுநாளும் பார்த்தார், அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் கொண்டுவந்த சங்கரா மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் மகளோடு கிளம்பினார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. பொன்னி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

மாடியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பிரேம் தாடி வைத்த நல்ல பிள்ளை, வாங்க அங்கிள் என்று முன்பெஞ்சில் உட்காரவைத்தான். பேங்கில் பெரிய வேலை பார்க்கிற ராகவேந்திரா, குணாவின் வயதுக்காரர், எதைப் பேசினாலும் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்துதான் பேசுவார். ஸஹானா என்ற பெண் துர்காவின் சிநேகிதி.

ஸஹானாதான் ஆரம்பித்தாள். "என்னால இதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பிட முடியலை. இவ்ளோ டார்க்கா ஒரு கதை எதுக்கு எழுதணும்னு கோபமே வந்துடுச்சு."

"நம்பிக்கைன்னு ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை," என்றார் ராகவேந்திரா. "முதல் பக்கத்துல மட்டும்தான் வெளிச்சம். அப்புறம் இருட்டிக்கிட்டே போகுது. பிரமாதமான ஒர்க், ஆனா ஈவிரக்கமே இல்லாத ஒர்க்."

குணாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. படித்தவர்கள் எல்லாம் இப்படித்தானா, கண்ணெதிரே இருப்பது தெரியாதா என்று தோன்றியது. சொல்வதற்கென்ன, கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருந்தது. பிரேம், "அங்கிள், நீங்க?" என்றதும் எழுந்தேவிட்டார்.

"எல்லாரும் தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு அப்படித் தோணலை. இது நல்ல கதைங்க. இருட்டுல ஆரம்பிக்குது, ஒத்துக்கறேன். பெத்த பொண்ணே யார் நீங்கன்னு கேக்குது. அந்த ஒரு வார்த்தைக்காக அவன் கிளம்பறான் பாருங்க. கை வருது, கண்ணு வருது, ஒண்ணொண்ணா சம்பாதிச்சு மனுசனாயி, கடைசில அவ கூட உக்காந்து ஒரே கிண்ணத்துல சாப்பிடறான். மிஷினா இருந்தவன் அப்பனா ஆவறான். இதுல இன்னா இருட்டு கீது? நான் இதைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். ஒவ்வொரு வாட்டியும் அழுதேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழவைத்துவிட்டோம் என்றுதான் குணா முதலில் நினைத்தார். பிறகு துர்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் கையில் இருந்த புத்தகத்தின் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் ராகவேந்திரா. தன் கையில் இருந்த பிரதியை வலப்பக்கமாகத் திறந்து காட்டினார். "நீங்க எந்தப் பக்கத்துல இருந்து—"

அதற்குள் பிரேம் துள்ளி எழுந்தான். "அதான் சொன்னாரே சார், திருப்பிப் படிச்சேன்னு! அங்கிள், வேணும்னே திருப்பிப் படிச்சீங்களா? கடைசில இருந்து முதலுக்கு?"

தமிழில் இந்தத் திருப்பி என்ற வார்த்தை பொல்லாதது. மறுபடியும் என்றும் பொருள், தலைகீழாக என்றும் பொருள். குணா முதல் பொருளில் சொன்னார், பிரேம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டான். ராகவேந்திராவின் கை புத்தகத்தைத் திறந்த விதத்தைப் பார்த்ததுமே குணாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. பத்துப் பதினைந்து முகங்களும் அவரைப் பார்க்க, அதில் ஒன்று துர்காவுடையதாக இருக்க, அவர் செய்ததைத்தான் நீங்களும் நானும் செய்திருப்போம்.

"ஆமா," என்றார்.

கைதட்டல் கிளம்பியது. "அந்தப் பக்கத்துல எச்சரிக்கையே போட்டிருக்கான்," என்று ராகவேந்திரா வியந்தார். "இது கடைசிப் பக்கம், புத்தகத்தைத் திருப்பி, ஜப்பான் வழக்கப்படி வலதுல இருந்து ஆரம்பிங்கன்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கான். அதையும் மீறி உள்ளே போயிருக்கீங்க பாருங்க. அதுக்கு ஒரு தைரியம் வேணும் சார்." காப்பிரைட் என்று தாண்டிப் போன பக்கம் அதுதான். அந்த மூன்று வார்த்தையை விட்டால் மொத்தப் புத்தகத்திலும் எழுத்து என்று இருந்த ஒரே பக்கம், குணாவுக்காகவே எழுதிவைத்த பக்கம்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய், பழுப்புத் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு வலப்பக்கத்தில் இருந்து பார்த்தார். அப்பாவும் மகளும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகிறார்கள். மகளுக்கு ஏதோ நோய். அப்பன் கையை விற்கிறான். கண்ணை விற்கிறான். விற்ற இடத்தில் எல்லாம் இரும்பு. அவள் பிழைத்து வளர்கிறாள், இவன் இரும்பாகிக்கொண்டே போகிறான். கடைசியில் பாலத்தின் மேல் மழையில் அவளைத் தேடிவந்து நிற்கிறான். அவள் குடையைத் தூக்கிப் பார்த்துக் கேட்கிறாள்: யார் நீங்கள்? அத்தோடு புத்தகம் முடிந்துபோகிறது. கொடியில் காய்ந்த துணி முகத்தில் அடித்ததைக்கூட விலக்காமல் குணா உட்கார்ந்திருந்தார். இதைப் போய் நல்ல கதை என்று எழுந்து நின்று சொன்னோமே என்று உடம்பு கூசியது.

துர்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் ரேடியோ மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடியது. பிரேம் வட்டத்தின் இணையப் பக்கத்தில் 'திருப்பிப் படித்தால் தெரிகிற வெளிச்சம்' என்று தலைப்புப் போட்டு குணாவின் கருத்தை வெளியிட்டான். அதன் கீழே யார் யாரோ எழுதினார்கள். நானும் அப்படிப் படித்துப் பார்த்தேன், அழுதேன் என்றார் ஒருவர். புத்தகத்தின் மீதே நடத்திய கலகம் என்றார் இன்னொருவர். எல்லாம் தமிழில் இருந்ததால் குணாவே படித்தார். பாராட்டு ஒவ்வொன்றும் செருப்படி மாதிரி விழுந்தது. இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்தில் நிற்கிறவள் உடைமைக்காரியைக் கண்டால் எப்படி நெளிவாளோ, அப்படி அந்த மாதம் முழுக்க நெளிந்தார். கம்பெனியில் போல்ட்டுக்குப் பதில் நட்டை எடுத்துக் கொடுத்து மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் புள்ளைங்க கையில நிஜத்தைச் சொல்லிடேன்," என்றாள் பொன்னி. அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"துர்கா மூஞ்சியை அப்பறம் நான் எப்படிப் பாக்கறது? அவ சேக்காளிங்க எதிர்ல அவ தலை குனியணுமா?"

"இப்ப நீ குனிஞ்சிகினு கீறியே," என்று சொல்லிவிட்டு அவள் மீன் செதிலைச் சுரண்டப் போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்தில் குணாவின் கருத்தை வீடியோ எடுக்கப்போவதாகப் பிரேம் சொல்லி அனுப்பினான். வராமல் இருக்கக் காரணம் தேடித் தேடி, ஸ்டாக் எடுக்கிற வேலை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். "வேணாம்னா நான் சொல்லிடறேன்ப்பா," என்றாள் துர்கா சட்டென்று. அவள் குரலில் இருந்த அவசரம் இவருக்குப் பிடிபடவில்லை. மகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்து, "இல்ல இல்ல, வரேன்," என்றார்.

கரும்பலகைக்கு முன் நாற்காலி போட்டிருந்தார்கள். துர்காதான் போனில் வீடியோ எடுத்தாள். பிரேம் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தான்.

"அங்கிள், ஒரு சூப்பர் ஐடியா. அந்த எச்சரிக்கைப் பக்கத்தை முதல்ல நீங்களே சத்தமா வாசிங்க. வாசிச்சுட்டு, இதை நான் கேக்கலைன்னு சொல்லி ஆரம்பிங்க. செமையா இருக்கும்."

குணாவின் கை தானாகவே சட்டைப் பையைத் தடவியது. "அடடா, கண்ணாடி கொண்டாரலையே தம்பி."

"அதுக்கென்ன சார்," என்று ராகவேந்திரா தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "நம்ம வயசுக்கு எல்லாம் ஒரே பவர்தான். போட்டுப் பாருங்க."

நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். குணா போட்டுக்கொண்டார். எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன, அவ்வளவுதான். முதல் வார்த்தை தெரிந்தது. இரண்டாவது தெரிந்தது. மூன்றாவதில் நாக்கு நின்றது. எல்லாரும் அவர் உணர்ச்சிவசப்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

துர்கா போனை அப்படியே ஸஹானா கையில் திணித்துவிட்டு ஓடிவந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "தமிழ்ல வாசிச்சா இன்னும் நல்லா இருக்கும்ல? நான் வாசிக்கறேன்," என்று அவர் தோளுக்கு மேல் குனிந்து ஆரம்பித்தாள். "நில்லுங்கள். இது புத்தகத்தின் கடைசிப் பக்கம். இது ஜப்பானிய முறைப்படி—"

"போதும்மா," என்றார் குணா.

கண்ணாடியைக் கழற்றி ராகவேந்திராவிடம் கொடுத்தார். ஸஹானா வீடியோவை நிறுத்தலாமா என்று பிரேமைப் பார்த்தாள்.

"நிறுத்தாதீங்க, ஓடட்டும். எனக்கு இதைப் படிக்கத் தெரியாதுங்க. கண்ணாடி போட்டாலும் தெரியாது, போடலைன்னாலும் தெரியாது. இங்கிலீஷ் வராது. காப்பிரைட்டுன்னு நினைச்சுத் தாண்டிட்டேன். தப்பான பக்கத்துல இருந்துதான் பாத்துகினு போனேன், தப்புன்னு தெரியாமயே. போன மாசம் இந்தப் புள்ள வேணும்னே திருப்பிப் படிச்சீங்களான்னு கேட்டப்போ ஆமான்னேன் பாருங்க, அது பொய்." அதற்கு மேல் துர்கா நிற்கும் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. "எம் பொண்ணுக்கு இது எதுவும் தெரியாது. அவளைத் தப்பா நினைச்சுக்காதீங்க."

பரவாயில்லை சார் என்றார்கள், இதில் என்ன அங்கிள் என்றார்கள். ராகவேந்திரா எழுந்து வந்து தோளைத் தட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அந்தப் பரவாயில்லை ஒவ்வொன்றும் அவரை நாற்காலியோடு அழுத்தியது. இணையத்தில் போட்டதை எடுத்துவிடட்டுமா என்று பிரேம் மெல்லக் கேட்டான். "எடுக்காத தம்பி. கீழயே எழுதிடு. இது தெரியாமப் படிச்சதுன்னு என் பேர் போட்டு எழுதிடு," என்று சொல்லிவிட்டு குணா படியிறங்கிவிட்டார்.

வண்டியை எடுத்தார். துர்கா பின்னால் ஏறினாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்று நின்று நகர்ந்தது. ஊர்ப்பட்ட ஹாரன் சத்தம். மகள் முகத்தைப் பார்க்காமல் இருக்க வண்டி ஓட்டுவதைவிட நல்ல வேலை கிடையாது என்று குணாவுக்குத் தோன்றியது.

"அப்பா," என்றாள் துர்கா. "எனக்குத் தெரியும்ப்பா."

"இன்னா தெரியும்?"

"உனக்கு இங்கிலீஷ் வராதுன்னு."

குணா பிரேக்கைப் பிடித்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஏதோ திட்டிவிட்டுத் தாண்டிப் போனான்.

"எப்பலேந்து?"

"அஞ்சாவது படிக்கும்போது. டைரில மிஸ் ஏதோ எழுதி உன் கையெழுத்து கேட்டிருந்தாங்க. கண்ணாடி இல்லை, நீயே படிச்சுக் காட்டுன்னு சொன்ன. கண்ணாடி உன் பாக்கெட்ல இருந்துச்சுப்பா. அதான், எழுத்தே இல்லாத புக்கு ஒண்ணு வருமான்னு பாத்துகிட்டே இருந்தேன். இது வந்ததும் பிரேமை நச்சரிச்சு வாங்கினேன். நீ வந்து எல்லார் கூடவும் பேசணும்னு ஆசைப்பா. அந்த ஒரு பக்கத்தை மறந்துட்டேன். நான்தான் மறந்துட்டேன். சாரிப்பா."

மன்னிப்பு வேறு கேட்கிறாள்! குணாவுக்கு அப்போதுதான் வெட்கம் என்றால் என்ன என்று சரியாகப் புரிந்தது. அந்த மாடியில் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை. கரண்டு பில்லை மேலிருந்து கீழே வாசித்தது, மாத்திரை அட்டையை வாசித்தது, ஒவ்வொரு போர்டையும் இங்கிலீஷில் ஒருமுறை தமிழில் ஒருமுறை வாசித்தது எல்லாம் யாருக்காக என்று இப்போது தெரிந்தது. பத்து வயதில் ஆரம்பித்து இந்தப் பெண் தொண்டை வலிக்க வாசித்துக்கொண்டே வந்திருக்கிறாள். இவர் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்து, வாயை மூடு என்று அதட்டியிருக்கிறார். கோட்டையைத் தான் காத்ததாக நினைத்திருந்தார். உள்ளே இருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

கண்ணை நீர் மறைத்தது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இரும்புலியூர் திருப்பத்தில் வண்டிகள் மறுபடியும் நின்றன. எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை, முழுக்க இங்கிலீஷ். பின்னால் துர்கா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். முதல் வார்த்தையை வாசித்தாள், இரண்டாவதை வாசித்தாள், பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

குணா தலையைத் திருப்பவில்லை. ஹாண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் நிறுத்திட்ட? மீதியையும் படி."

அவள் படித்தாள். இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. படப்பை பக்கம் வீட்டுமனை விற்பனைக்கு என்று போட்டிருந்தது.